தெருப்பக்கத்து ஊற்று

லூசியா வீட்டுக் கிணறு வற்றிப் பார்த்தவர்கள் அந்தத் தெருவில் யாரும் கிடையாது. அக்னி நட்சத்திரத்தில் அக்கம்பக்கத்து போர்களெல்லாம் தண்ணீரும் காற்றுமாகத் துப்பிக்கொண்டிருக்கும்போதுகூட, அவள் வீட்டு உறைக்கிணற்றில் எட்டிப் பார்த்தால் முகம் தெரியும். காரைக்குடி விரிந்துகொண்டே போய், தைலமரக் காடாக இருந்த இடமெல்லாம் மனைகளாகி, மனைகளெல்லாம் மாடி வீடுகளாகி, வீட்டுக்கு ஒரு போர் என்று பூமியைத் துளைத்துத் தள்ளிய பிறகும் அந்தக் கிணறு மட்டும் அசையாமல் நின்றது.

அதைத் தோண்டியவர் அவள் வீட்டுக்காரர் பெரியநாயகம். தனியார் பள்ளிக்கூடம் ஒன்றில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசாத மனுஷர்தான். ஆனால் கிணற்றைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் வீடு கட்டும்போது, நீரோட்டம் பார்க்க வந்தவர் மனைக்குப் பின்பக்கம்தான் தண்ணீர் என்று அடித்துச் சொன்னாராம்.

"நான் ஒத்துக்கலையே," என்பார் பெரியநாயகம். "தெருப்பக்கம் ஒரு மூலையில மட்டும் அருகம்புல்லு பச்சைப்பசேல்னு நின்னுச்சு. சுத்திச் செம்மண்ணு காஞ்சு கெடக்கு. இந்த எடத்துல தோண்டுய்யான்னு நின்னுட்டேன். முப்பது அடி போகலை, பொத்துக்கிட்டு வந்துச்சு பாருங்க."

இந்தக் கதையை லூசியா கல்யாண வீட்டில் கேட்டிருக்கிறாள், ரயிலில் கேட்டிருக்கிறாள், துக்க வீட்டில்கூட ஒரு தடவை கேட்டிருக்கிறாள். போதும் விடுங்க என்று கண்ணைக் காட்டுவாளே தவிர, உள்ளுக்குள் அவளுக்கும் பெருமைதான். அவள் பிறந்தது நாட்டரசன்கோட்டைக்குப் பக்கத்தில், வானம் பார்த்த பூமி. அப்பா கடைசிவரைக்கும் மேகத்தை அண்ணாந்து பார்த்தே கழுத்து வலித்துச் செத்தார் என்று வீட்டில் சொல்லிச் சிரிப்பார்கள். அந்த வீட்டிலிருந்து வந்தவளுக்குக் கையெட்டும் தூரத்தில் தண்ணீர் கிடப்பது சின்ன விஷயம் இல்லை.

மகள் வின்சி காலேஜில் சேர்ந்த வருஷம், லூசியா இட்லி மாவு அரைத்து விற்க ஆரம்பித்தாள். அரிசியும் உளுந்தும் களைய, கிரைண்டர் கழுவ, தூக்குகள் கழுவ என்று மாவுத் தொழிலில் பாதி தண்ணீர்தான். அது அவளிடம் தாராளமாக இருந்தது. கிணற்றுத் தண்ணீர் ருசிதான் மாவுக்குக் காரணம் என்று வாங்குகிறவர்களும் சொன்னார்கள். கொஞ்ச நாளில் செக்காலை ரோட்டுக் கடைகள் வரைக்கும் லூசியாக்கா மாவு போக ஆரம்பித்துவிட்டது. வின்சி படித்து, கல்யாணமாகி, சென்னையில் கடலோரமாக ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போனாள். அங்கே போரில் உப்புத் தண்ணீர், குடிக்கவும் குளிக்கவும் லாரித் தண்ணீர் என்று அவள் போனில் புலம்பும்போதெல்லாம், "நம்ம கிணத்தை அங்குட்டுத் தூக்கிட்டா வர முடியும்" என்று லூசியா சிரிப்பாள்.

மாவைக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுகிறவள் ஆபிதா. அவள் வீட்டுக்காரர் நாசர் குவைத்தில் வேலை பார்க்கிறார். ரயில்வே கேட்டுக்கு அங்குட்டு இருக்கும் புதுக்காலனியில் சொந்த வீடு. அந்தக் காலனிக்குப் போகும் பெரிய குடிநீர்க் குழாய் லூசியாவின் தெரு வழியாகத்தான் போகிறது. போகிறதே ஒழியக் காலனியில் குழாயைத் திறந்தால் முதலில் உஸ்ஸென்று காற்று வரும், பிறகு ஒரு குடம் நிறைவதற்குள் நூலாகிவிடும். அதனால் ஆபிதா மாவு எடுக்க வரும்போது ஸ்கூட்டியில் இரண்டு காலிக் கேன்களையும் கட்டிக்கொண்டு வருவாள். லூசியாவே அதை நிரப்பிக் கொடுப்பாள்.

"இந்தக் கிணறு மட்டும் இல்லாட்டி எம் புள்ளை ஃபாயிஸா ஸ்கூலுக்கு அழுக்கு யூனிஃபார்மோடதான்க்கா போகணும்," என்பாள் ஆபிதா. "நீங்க நல்லா இருப்பீக."

லூசியாவுக்கு மனசு குளிர்ந்துபோகும். தவக்காலத்தில் பாதர் தர்மத்தைப் பற்றிப் பிரசங்கம் வைக்கும்போதெல்லாம் அவளுக்கு அந்த இரண்டு கேன்கள்தான் ஞாபகம் வரும். கோவிலில் மற்றவர்கள் தலையைக் குனிந்துகொள்ளும் இடத்தில் அவள் நிமிர்ந்தே உட்கார்ந்திருப்பாள்.

போன பங்குனியில் ஒருநாள் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். புதிதாகக் கட்டிய மேல்நிலைத் தொட்டியோடு பழைய குழாயை இணைக்கப் போகிறார்கள், சில நாளைக்குத் தண்ணீர் வராது, பிடித்து வைத்துக்கொள்ளுங்கள் என்று. தெருவே குடமும் டிரம்முமாக அலைந்தது. லூசியா ஒரு செம்புகூடக் கூடுதலாகப் பிடிக்கவில்லை. அவளுக்கு எதற்கு.

இரண்டாம் நாள் காலையில் உளுந்து களைந்துகொண்டிருந்தவள் மோட்டார் சத்தம் மாறுவதைக் கேட்டாள். வழக்கமான முனகல் இல்லை. கரகரவென்று, தொண்டையில் எதுவோ சிக்கியதுபோல இழுத்தது. பிறகு குழாயிலிருந்து காற்று வந்தது. ஓடிப்போய் மோட்டாரை நிறுத்திவிட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்தாள்.

முகம் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் பார்த்தேயிராத சிமெண்ட் உறைகள் பாசி பிடித்துக் கறுப்பாக ஒன்றின்கீழ் ஒன்றாக இறங்கிப் போயின. அடியில் கொஞ்சம் தண்ணீர் மினுங்கியது. மறுநாள் அதுவும் இல்லை. சேறு தெரிந்தது. சேற்றில் ஒரு பிளாஸ்டிக் வாளி, மூக்கு உடைந்த சொம்பு, வின்சி சின்னப் பிள்ளையில் போட்டுவிட்டு அழுத டிபன் பாக்ஸ், எல்லாம் வெயிலில் கிடந்தன. வீட்டில் யாரோ உடுப்பில்லாமல் நிற்பதைப் பார்த்துவிட்டதுபோல லூசியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வெயில் அந்தப் போடு போடுது," என்றார் பெரியநாயகம். "ஊத்து எங்குட்டுப் போயிரும். வரும்."

சாயங்காலம் வரைக்கும் கிணற்றடியை விட்டு அவர் நகரவில்லை. கடைகளுக்கு மாவு இல்லை என்று லூசியா போன் போட்டுச் சொன்னாள். பதினாறு வருஷத் தொழிலில் தண்ணீர் இல்லையென்று சொன்னது அன்றைக்குத்தான்.

குழாய் வேலை முடிந்து தண்ணீர் விட்ட அன்று காலையில், லூசியா கிணற்றுச் சுவரில் சாய்ந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். குழாய் திறந்துவிடும் செல்வம் டி.வி.எஸ்.ஸில் நீளமான இரும்புச் சாவியைக் கட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போவது தெரிந்தது. ஒப்பந்த வேலையில் இருக்கும் ஒடிசலான ஆள். பார்த்தால் தலையை ஆட்டிவிட்டுப் போவார். அன்றைக்கும் ஆட்டினார். முனையில் வால்வைத் திருகும் கிறீச் சத்தம் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் கிணற்றுக்குள்ளே, தெருப்பக்கமாக, இரண்டு உறைகள் சேரும் இடத்தில் ஈரம் கசிந்தது. பிறகு நூலாக இறங்கியது. லூசியா மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். நூல் விரல் கனமானது. விரல் கை கனமானது. தண்ணீர் உறையை விட்டுத் தாவிக் கீழே சேற்றில் விழுந்து, அந்தச் சத்தம் கிணறு முழுக்க எதிரொலித்தது. நல்ல பளிங்குத் தண்ணீர்.

"ஏங்க, ஊத்துத் திறந்துருச்சு," என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். பெரியநாயகம் சட்டைகூடப் போடாமல் ஓடிவந்து பார்த்தார். "நான் சொன்னேன்ல," என்றார். கண் கலங்கியிருந்தது.

சந்தோஷம் உச்சிப்பொழுது வரைக்கும் இருந்தது. செல்வம் திரும்பி வந்து வால்வை மூடிவிட்டுப் போன சத்தத்தை லூசியா கேட்டாள். தற்செயலாகத்தான் கிணற்றடியில் நின்றாள். கை கனமாக விழுந்துகொண்டிருந்த தண்ணீர் விரல் கனமானது. விரல், நூலானது. நூல் சொட்டானது. சொட்டும் நின்றது.

அவளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரியவேண்டாம் என்று மனசு அடம்பிடித்தது என்பதுதான் சரி. மறுநாள் வேண்டுமென்றே காலையிலிருந்து கிணற்றடியிலேயே நின்றாள். வால்வு கிறீச்சிட்டது, ஊற்று வந்தது. வால்வு மூடியது, ஊற்று நின்றது. ஒரு ஊற்றுக்கு, செல்வம் வேலைக்கு வரும் நேரம் எப்படித் தெரியும்.

லூசியா துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். குழாய்த் தண்ணீர். தெருவுக்கு அடியில் போகும் பெரிய குழாய் எங்கோ விட்டுப்போய், தினம் தினம் கிணற்றில் கொட்டியிருக்கிறது. கிணறு நிறைந்தே கிடந்ததால் அது விழுகிற இடம் ஒருநாளும் கண்ணில் படவில்லை. அந்தக் குழாய் போட்டது வீடு கட்டுவதற்கு முந்தின வருஷம். அருகம்புல் பச்சையாக நின்றதற்கும் அதுவே காரணம். அப்படியென்றால் பூமியின் நீரோட்டத்தைப் பெரியநாயகம் கண்டுபிடிக்கவில்லை. உடைந்த குழாயைத்தான் கண்டுபிடித்திருக்கிறார்.

அதைவிடப் பெரிய அடி பிறகுதான் விழுந்தது. அந்தக் குழாய் எங்கே போகிறது என்று நினைத்துப் பார்த்தபோது. புதுக்காலனிக்கு. ஆபிதா வீட்டுக்கு. ஆபிதாவின் குழாயில் காற்று வந்ததற்குக் காரணம் இந்தக் கிணறு. அவளுக்குச் சேரவேண்டிய தண்ணீரை எடுத்து, அவளுக்கே இரண்டு கேன் தர்மம் பண்ணிவிட்டு, நீங்க நல்லா இருப்பீக என்று அவளிடமே வாழ்த்தும் வாங்கியிருக்கிறாள்.

வீட்டுக்காரரை அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் கூப்பிட்டு எல்லாம் சொன்னாள். அவர் முழுசாகக் கேட்டார். பிறகு, "உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு," என்றார்.

"காலையில வந்து நில்லுங்க. நீங்களே பாருங்க."

வந்து நின்றார். பார்த்தார். ஊற்று வந்ததையும் பார்த்தார், நின்றதையும் பார்த்தார். அவர் முகம் அப்படி வெளுத்து லூசியா பார்த்ததே இல்லை. அவர் அம்மா இறந்த அன்றுகூட அந்த முகம் இல்லை. "இதை யாருகிட்டயும் சொல்லாதே லூசி," என்றார். "நாமளா உடைச்சோம். நமக்குத் தெரியவே தெரியாது. தெரியாமலே இருந்துட்டுப் போகட்டும்."

அவர் கெஞ்சியது அவளை வாயடைக்க வைத்தது. கிணறு பழையபடி நிறைந்தது. மாவு வேலை பழையபடி நடந்தது. ஆபிதா வந்தாள், கேன்களை நிரப்பிக்கொண்டு போனாள். லூசியா மட்டும் அவள் முகத்தைப் பார்க்காமல் வேறு எங்கோ பார்த்துப் பேசினாள். உளுந்தை ஊறவைக்கும்போது கை கூசியது.

பத்து நாள் இப்படிப் போயிருக்கும். ஒரு காலையில் ஆபிதா மாவுத் தூக்குகளை ஸ்கூட்டியில் அடுக்கிக்கொண்டே சொன்னாள்.

"அக்கா, நேத்து எங்க காலனில ஒரே ரகளை. தண்ணி திறந்துவிடுறாருல்ல செல்வம், அவரைப் பொம்பளையெல்லாம் சுத்தி வளைச்சுட்டோம்."

"எதுக்கு?"

"பின்னே. புதுத் தொட்டி கட்டியாச்சு, புதுசா மோட்டார் வச்சாச்சு, இன்னும் அதே காத்துதானே வருது. நடுவுல யாருக்கோ திறந்துவிட்டுக் காசு பார்க்குறாரு. அந்தாளு, நான் முழுசாத்தான் திறக்குறேன், தண்ணி எங்க போகுதுன்னு எனக்கே தெரியலைன்னு அழுகுறாரு. யாரோ சட்டையைப் பிடிச்சு இழுத்து, கிழிஞ்சுபோச்சு. எல்லாரும் கையெழுத்துப் போட்டு ஆபீஸ்ல குடுத்துட்டோம். இன்னையோட அவரை வேலையை விட்டு நிறுத்திட்டாகளாம்."

லூசியா கையில் இருந்த தூக்கு நழுவிக் கீழே விழுந்தது. மாவு வாசல் முழுக்கப் பரவியது. ஆபிதா பதறிப்போய்க் குனிந்தாள்.

"விடு, அதை விடு," என்றாள் லூசியா. "இங்குட்டு வா."

கையைப் பிடித்துக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். யோசித்துச் சொல்லவில்லை. யோசித்திருந்தால் அன்றைக்கும் வாய் திறந்திருக்காது.

"செல்வம் பொய் சொல்லலை. உங்க தண்ணி எங்கயும் போகலை. இந்தா இருக்கு. குழாய் உடைஞ்சு எங்க கிணத்துல கொட்டுது. நீ எடுத்துட்டுப் போறியே, அது உன் வீட்டுத் தண்ணி."

ஆபிதா கிணற்றைப் பார்த்தாள். லூசியாவைப் பார்த்தாள். சிரிக்கப் போவதுபோல வாய் கோணியது, சிரிப்பு வரவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்டாள். லூசியா எல்லாவற்றையும் சொன்னாள்.

"எப்ப இருந்து தெரியும்க்கா?"

"பத்து நாளா."

"பத்து நாளா," என்று ஆபிதா மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். "இத்தனை வருசம் தெரியாம இருந்தீக. அது உங்க தப்பும் இல்லை, எங்க தப்பும் இல்லை. இந்தப் பத்து நாளும் கேனை நிரப்பி நிரப்பிக் குடுத்தீகளே. நானும் வாங்கிட்டுப் போனேனே. அந்த மனுசன் சட்டையைப் பிடிச்ச கையில என் கையும் ஒண்ணுக்கா."

நிரப்பி வைத்திருந்த இரண்டு கேன்களையும் எடுத்து, மூடியைத் திறந்து, கிணற்றுக்குள்ளேயே சாய்த்தாள். காலிக் கேன்களோடு ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

லூசியா புடவையை மாற்றிக்கொண்டு வெளியே கிளம்பினாள். பெரியநாயகம் வாசலில் நின்று, "எங்க போறே?" என்றார். "குடிநீர் ஆபீசுக்கு" என்றாள். அவர் வழியை மறைக்கவில்லை. கூடவும் வரவில்லை.

ஆபீசில் ஈஸ்வரி என்று ஒரு பெண் பொறியாளர் இருந்தார். வயதில் வின்சியைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருக்கலாம். லூசியா சொன்னதைக் கேட்டுவிட்டு முதலில் நம்பாமல்தான் பார்த்தார். உங்க கிணத்தை நீங்களே வந்து சொல்றீங்களா என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு எழுந்து அவளோடு ஆட்டோவில் வந்து, கிணற்றுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். வால்வை மூடச் சொல்லிப் பார்த்தார், திறக்கச் சொல்லிப் பார்த்தார். நாளைக்கே தோண்டிவிடலாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் ஜே.சி.பி. வந்தது. தெருவே கூடிவிட்டது. தார் ரோட்டைக் கிளப்பி, முதல் அள்ளு மண்ணை எடுத்தார்கள். இரண்டாவது அள்ளுக்கு வாளி இறங்கியபோது மண் தடுக்கவில்லை. அது பாட்டுக்கு உள்ளே போனது. ஓட்டுநர் சட்டென்று வண்டியைப் பின்னால் எடுத்தார். எடுத்த வேகத்தில் ரோட்டின் விளிம்பு உடைந்து, உள்ளே விழுந்தது.

கீழே குகை இருந்தது. ஒரு சின்ன அறை அளவுக்குச் செம்மண் அரித்து, மேலே தார்த்தோல் மட்டும் கூரைபோல நின்றிருந்தது. அதன் நடுவில் பழைய குழாய், ஜாயிண்ட் விலகி, வேப்பமர வேர் ஒன்று உள்ளே புகுந்து, அந்த இடைவெளியில் தண்ணீர் விசிறியடித்துக்கொண்டிருந்தது. குகையின் ஒரு கை நேராக லூசியா வீட்டுக் காம்பவுண்டு சுவருக்குக் கீழே போய்க் கிணற்றில் முடிந்தது.

தண்ணீர் சத்தம் மட்டும் கேட்டது. அந்த இடத்து மேலேதான் தினமும் பள்ளிக்கூட வேன் திரும்பும். லூசியாவுக்கு அந்த வேனின் மஞ்சள் நிறம் கண்ணுக்குள் வந்து நின்றது. ஜன்னலில் கை நீட்டிக்கொண்டு வரும் பிள்ளைகள். அவள் பத்து நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாள். இன்னும் பத்து நாள் மூடியிருந்தால். பக்கத்தில் நின்ற யாரோ ஒருத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"இத்தனை தண்ணி போயிருக்கு, ரோட்டு மேல ஒரு சொட்டு ஈரம் வரலையே மேடம்?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"மேல வந்திருந்தா ஒரே வாரத்துல கண்டுபிடிச்சிருப்போம்," என்றார் ஈஸ்வரி. அவர் குரலும் இறங்கியிருந்தது. "கீழ போக அதுக்கு ஒரு வழி கிடைச்சிருச்சு. எங்க ஆளுங்க இந்த ரோட்டு மேல எத்தனை தடவை நடந்திருப்போம்."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பெரியநாயகம் வந்தார். குழியின் ஓரத்தில் நின்று குனிந்து பார்த்தார். லூசியா அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். "வேன் போற வழி," என்று அவர் முணுமுணுத்தார். திரும்பி உள்ளே போனவர் அன்று முழுக்கக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

குழாயை மாற்றி, குழியில் கிராவலும் மணலும் கொட்டி மூட மூன்று நாளானது. கிணறு இறங்க ஆரம்பித்தது. எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது வேறு ஒன்று. அதே வாரத்தில் எதிர்வீட்டு போரும் காற்றைத் துப்பியது. அடுத்து அதற்கு அடுத்த வீடு. கார்த்திகேயன் என்று ஒருவர், தெருக்கோடியில் புதிதாக மாடி கட்டிக் குடிவந்தவர், அவர் போரிலும் மோட்டார் சும்மா சுற்றியது. அடியில் துளைதுளையாக இருக்கும் செம்பூரான் கல்லுக்குள் ஊறி ஊறிப் பரவிய அந்த ஒழுகல்தான் இத்தனை நாளும் தெருவையே தாங்கியிருக்கிறது. பூமித் தண்ணீர் எப்போதோ கீழே போய்விட்டது. அது யாருக்கும் தெரியவில்லை.

லூசியா தன் கிணறு மட்டும்தான் என்று நினைத்திருந்தாள். தெரு முழுக்க இப்படி வெறுங்குழியின்மேல் உட்கார்ந்திருந்தது என்று தெரிந்தபோது அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கார்த்திகேயன் வாசலுக்கே வந்துவிட்டார். "உங்களை யாரு இப்ப ஆபீசுக்குப் போகச் சொன்னது? நீங்க பாட்டுக்கு இருந்திருக்கலாம்ல. இப்ப தெருவே லாரிக்கு நிக்குது."

உள்ளேயிருந்து பெரியநாயகம் வந்தார்.

"உங்க மகனும் அந்த வேன்லதானே தம்பி போறான்?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கார்த்திகேயன் திரும்பிப் போய்விட்டார். அவர் கோபம் அன்றைக்குத் தீரவில்லை. இன்றைக்கும் லூசியாவைக் கண்டால் முகம் கொடுப்பதில்லை. அவரைப்போலத் தெருவில் இன்னும் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள்.

செல்வத்தைத் தேடிக்கொண்டு அவள் அவர் வீட்டுக்குப் போனாள். ஒற்றை அறை வீடு. கிழிந்த சட்டையைத் தைத்து அதையே போட்டிருந்தார். வேலைக்குத் திரும்பி வரச் சொல்லி ஆபீசில் ஆள் விட்டிருந்தார்கள். லூசியா மன்னிப்புக் கேட்டாள். அவர் அதைக் கேட்டுக்கொண்டதுபோலவே தெரியவில்லை.

"பொண்டாட்டி நம்பலைம்மா," என்றார். "எங்கேயோ வித்துட்டுத்தான் வர்றேன்னு அவளும் நினைச்சுட்டா. காலனிக்காரக அடிச்சதுகூட எனக்குப் பெருசாத் தெரியலை."

லூசியா வீடு திரும்பும்வரை அந்த வார்த்தையையே நினைத்துக்கொண்டு நடந்தாள்.

ஆபிதா இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம் வந்தாள். கேன் இல்லை. ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு இறங்காமலே பேசினாள்.

"தண்ணி வருதுக்கா. முத நாள் நாங்க யாரும் நம்பலை. குழாயைத் திறந்தா அடிக்கிற அடியில ஃபாயிஸா பயந்து ஓடிட்டா. காலனிப் பொம்பளைக எல்லாரும் வாசல்ல நின்னு அதையே பார்த்துக்கிட்டு இருந்தோம்."

லூசியா தலையாட்டினாள்.

"உங்க மேல கோபம் போகலை. அதைச் சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்."

"கோபம் போகவேண்டாம். இருக்கட்டும்," என்றாள் லூசியா. "இறங்கி ஒரு வாய் டீ குடிச்சுட்டுப் போ."

ஆபிதா யோசித்தாள். பிறகு வண்டியை ஸ்டாண்டு போட்டாள். டீயைக் குடித்து முடிக்கும்வரை இருவரும் மாவைப் பற்றி மட்டும் பேசினார்கள். எந்தக் கடையில் கேட்கிறார்கள், எந்தக் கடையில் வேறு ஆளிடம் வாங்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று. மறுவாரத்திலிருந்து அவள் மாவு எடுக்க வந்தாள். இப்போது லாரித் தண்ணீரில் வாரத்தில் மூன்று நாள்தான் லூசியா அரைக்கிறாள். அரிசி களைந்த தண்ணீர் வாழைக்குப் போகிறது, கிரைண்டரை முதலில் கழுவிய தண்ணீர் தூக்கை ஊறவைக்க ஆகிறது. லூசியா ஒரு செம்பு மொள்ளுவதற்கு முன்னால் இப்போதெல்லாம் ஒரு கணம் தயங்குகிறாள்.

ஆடி மாசம் பெரியநாயகம் மொட்டை மாடியில் ஏறி, மழைத் தண்ணீர் இறங்கும் குழாய்களை எல்லாம் ஒன்றாக்கி, ஜல்லியும் மணலும் போட்ட தொட்டி வழியாகக் கிணற்றுக்குக் கொண்டுவந்தார். ஈஸ்வரி மேடம் தெருவில் ஒரு கூட்டம் போட்டு எல்லாரையும் அப்படிச் செய்யச் சொல்லியிருந்தார். பாதிப் பேர் செய்தார்கள். ஐப்பசி மழையில் கிணற்றில் இரண்டு உறை அளவுக்குத் தண்ணீர் நின்றது. மாசியில் தீர்ந்துபோனது. அடுத்த மழைக்கு இன்னும் கொஞ்சம் நிற்கும் என்கிறார்கள். நிற்குமா என்று லூசியாவுக்குத் தெரியாது.

போன வாரம் செக்காலையிலிருந்து கல்யாணசுந்தரி என்று ஒரு அம்மாள் லூசியாவைத் தேடி ஆட்டோவில் வந்தார். முன்பின் பழக்கம் இல்லை. மாவுக்காக வந்திருக்கிறார் என்று நினைத்து, இன்றைக்கு அரைக்கிற நாள் இல்லையே என்றாள் லூசியா.

"மாவுக்கு வரலைங்க," என்றார் அந்த அம்மாள். வாசலில் யாரும் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "எங்க வீட்டுக் கிணறும் வத்துறதே இல்லை. நாப்பது வருசமா. இதுவரைக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு. உங்க தெருச் சமாச்சாரம் கேள்விப்பட்டதுல இருந்து தூக்கம் போச்சு. அவருகிட்டச் சொன்னா திட்டுறாரு. எப்படிப் பார்க்கணும்னு மட்டும் எனக்குச் சொல்லிக்குடுங்க."

லூசியா அந்த அம்மாளின் கையைப் பார்த்தாள். முந்தானை நுனியைத் திருகித் திருகி விரல் சிவந்திருந்தது.

"சொன்னாப் புரியாது, நானே வாரேன்," என்றாள். உள்ளே திரும்பி, "செக்காலை வரைக்கும் போய்ட்டு வந்துர்றேன்" என்று பெரியநாயகத்திடம் குரல் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள். "உங்க பக்கம் தண்ணி எத்தனை மணிக்குத் திறந்துவிடுவாக?"